டீசன்ட் பையனுக்கு வீடு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை 11.40. பார்த்த வீடுகள் ஆறு. கிடைத்தது சைபர்.

நாங்கள் தங்கியிருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அதற்குள் எனக்கும் ரூம்மேட் ஹரிஷ்குமாருக்கும் வீடு வேண்டும். இன்று பொம்மனஹள்ளி. கேட்டில் போர்டு: ‘டீசன்ட் பேச்சிலர்ஸ் மட்டும்’. ஓனர் கோவிந்தப்பா வணக்கம்கூடச் சொல்லவில்லை. “சிக்கன், மட்டன் சமைப்பீங்களா?” சமைப்போம் என்றேன். “டீசன்ட் பசங்கன்னு போட்டிருக்கேனே, பார்க்கலையா?”

கோழிக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேவிட்டேன். கேட்டைச் சாத்திவிட்டார்.

5 ஆகஸ்ட்

போன வார ஓனருக்கு டீசன்ட் என்றால் பெண்கள் யாரும் வரக் கூடாது. அதற்கு முந்தியவருக்கு, பத்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். நைட் ஷிஃப்ட்காரன் எங்கே போவான்? இன்று டீம் லீட் ரக்ஷிதா நான் எழுதிய புரோகிராம் கோடைப் பார்த்து “டீசன்ட்” என்றாள்.

“அப்படின்னா சுமாரா?”

“ஓடுதில்ல, விடு.”

ஓனரிடம் அது முதல் வகுப்பு. ஆபீஸில் வெறும் பாஸ் மார்க்.

9 ஆகஸ்ட், சனி

வாடகை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் என் நம்பரோடு எழுதினேன்: ‘டீசன்ட் என்று போடும் ஓனர்கள் அதன் ஸ்பெக்கையும், அதாவது நிபந்தனைப் பட்டியலையும் போடவும். சாப்பாடு, விருந்தாளி, நேரம் – எதெது தடை?’ ஐந்தே நிமிடத்தில் அட்மின் என்னைத் தூக்கிவிட்டார்.

ஹரிஷ் குதித்தான். “டேய், நாளைக்குப் பார்க்க இருந்த ரெண்டு வீடும் அந்த குரூப்லதான்டா! வாய்க்கு ஒரு பூட்டு வாங்குடா முதல்ல.”

10 ஆகஸ்ட்

ஹரிஷ் பேசவில்லை. டீ மட்டும் எனக்கும் சேர்த்து வாங்கி வந்தான்.

12 ஆகஸ்ட்

தெரியாத நம்பர். ஆஸ்டின் டவுனிலிருந்து டோரீன் என்ற ஆன்ட்டி. “ஸ்பெக் கேட்டு உதை வாங்கின பையன் நீதானப்பா? உன் மெசேஜ் எங்க சர்ச் குரூப் வரைக்கும் வந்துச்சு. சிரிச்சு சிரிச்சு வயித்து வலி.”

மாடி போர்ஷன் காலியாம்.

“டீசன்ட் பையன்தான் வேணுமா ஆன்ட்டி?”

“அத வெச்சு நான் இன்னா பண்றது? எழுதிக்கோ. என்ன வேணா ஆக்கு, எனக்கு ஒரு கிண்ணம் கீழ வரணும். யார் வேணா வரட்டும், என் கேட்டுக்கு முன்னாடி வண்டி போட்டா காத்தப் புடுங்கிடுவேன்.”

இதல்லவா ஸ்பெக்! வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சரி என்றேன்.

16 ஆகஸ்ட், சனி

சாவி கையில். ஆபீஸ் தூரம் என்று ஹரிஷ் முனகுகிறான். பால்கனி அறையை மட்டும் பிடித்துக்கொண்டான். இனி:

1. நாளை மினி வேனில் சாமான் ஏற்றுவது.
2. கம்பெனி கேபுக்குப் புது விலாசம் கொடுப்பது.
3. சாவியோடு ஆன்ட்டி கொடுத்த கேக் கல் மாதிரி இருக்கிறது. எப்படி இருந்தது என்று கட்டாயம் கேட்பார். டீசன்ட்டாக ஒரு பதில் சொல்ல ஹரிஷிடம் கற்றுக்கொள்வது.