வெயிலில் விரித்த சால்வை

கொல்கத்தா
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் திருவருளால் என் உடம்புக்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் நாய்க்குட்டியும் அந்தப் பனித் தேசத்தில் சுகமாயிருக்க வேண்டும் என்பதே தினமும் பெருமாளிடம் என் விண்ணப்பம்.

அம்மாவின் சால்வையைப் பூச்சி அரித்துவிட்டது என்று நான் போனில் சொன்னதும், தைத்து அனுப்பச் சொன்னாய். மேலும் அரிக்காமலிருக்க அவள் அலமாரியெங்கும் அந்துருண்டை போட்டேன். அது பெரும் பிழையாயிற்று. அவள் போனதிலிருந்து நம் பூனை மினு அந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் உறங்குகிறது. மினுவைப் பட்டினி போட்டுவிடாதீர்கள் என்பதுதான் அவளுடைய கடைசிச் சொல் என்பதும் உனக்குத் தெரியும். அந்த மினு உணவை விட்டுச் சுருண்டுகொண்டது. தயிர்சாதம் போட்டுப் போட்டுப் பூனையையும் ஐயங்காராக்கிவிட்டீர்கள் என்று என்னைச் சீண்டும், நீ அண்ணி முறையில் பௌதி என்றழைக்கும் எதிர்வீட்டுக் கல்பனா பௌதி கொண்டுவந்த மீனைக்கூட அது முகரவில்லை. அவள்தான் எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அந்துருண்டையின் ஆவியே பூனைக்கு நஞ்சு, கற்பூரமும் வாசனைத் தைலமும்கூட ஆகா என்றார் அவர். துணியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி உதறி, காற்றுப் புகாத பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் அழிந்துவிடும். வேர்வையும் கறையும் படிந்த இடத்தையே பூச்சி தேடித் தின்னும் என்றும் சொன்னார். கம்பளிக்கு மடி கெடாது என்று நம் வீட்டில் அதை நனைத்ததே இல்லை. மார்கழி விடியல்களில் அதைப் போர்த்திக்கொண்டு உன் அம்மா பாராயணம் செய்த வேர்வையும், திருமஞ்சனப் பாலும், சந்தனமும் அதில் அப்படியே இருந்தன.

மருந்து கொடுத்து மினுவைக் கூடையில் கிடத்தி, மொட்டைமாடிக் கொடியில் சால்வையை விரித்தேன். காலை வெயில் அதன் பின்னால் இருந்தது. கழுத்தைச் சுற்றி ஓட்டைகள், இரு தோள்களில் ஓட்டைகள், மார்பருகே அவள் ஓரத்தைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் விரல்களின் அகலத்துக்கு ஓட்டைகள். மற்ற இடமெல்லாம் நேற்று நெய்தது போலிருந்தது. ஒளி அவ்வழியே மட்டும் வந்தது. உன் அம்மா நின்றாள். தலை தூக்காமல் கிடந்த மினு எழுந்து, சால்வையின் கீழே வெறுந்தரையில், யாருடைய கணுக்காலையோ உரசுவது போல் வாலை உயர்த்திச் சுற்றிச் சுற்றி வந்தது. படிக்கட்டிலேயே நின்றுவிட்ட கல்பனா பௌதி, எங்களைச் சித்தப்பா சித்தி முறையில் அழைக்கும் வங்காளப் பேச்சில் மெல்லக் கேட்டாள்: "மேஷோமஷாய், மாஷிமா எந்தப் பக்கம் பார்த்து நிக்கறாங்க?" ஆன்மா உடலை ஆடையென மாற்றும் என்று தினமும் ஓதுகிறவன் நான்; கழற்றிய ஆடைக்குள் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

துவைத்து உலர்த்தியாயிற்று, தண்ணீர் சந்தன நிறமாக ஓடிற்று. ஃப்ரீசரில் வைக்கத்தான் கை வரவில்லை. நீ விமானத்தில் வந்து சேரும் வரை அவளையும் குளிர்பெட்டியில் அல்லவா வைத்திருந்தோம். ஆனாலும் வைத்தேன். மினு இப்போது நன்றாக உண்கிறது. உண்டபின் ஃப்ரிட்ஜின் முன் அமர்ந்து, அவள் அழைத்தால் மட்டும் தரும் அந்தச் சிறு குரலை அவ்வப்போது தருகிறது. நான் அழைப்பதில்லை.

நீயும் அந்துருண்டையை வீட்டில் சேர்க்காதே. நாய்க்கும் அது விஷமாம். நீங்கள் இருவரும் நோயின்றித் தீர்க்காயுளோடு வாழ்க. கரியாஹாட்டில் இழை பின்னி ரஃபு போடுகிறவர் எல்லா ஓட்டைகளையும் தடம் தெரியாமல் மூடித் தருவதாகச் சொல்கிறார். மூடினால் உனக்குக் குளிர் தாங்கும். மினுவுக்குத்தான் சுற்றி வர யாருமில்லாமல் போகும். உன் பதில் வரும் வரை அதன்மேல் ஊசி படாது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜாராமன்