மீதிப் பாதி

மார்ச் 4, திங்கள்

முதுகு ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள். புது வலி மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. மருந்துக்கடைக்காரர் பாடமே எடுத்துவிட்டார்: முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. எனக்கோ நிற்கவே முடியவில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6

நானே தலை வாரிக்கொண்டேன். முதுகு வலி வந்ததிலிருந்து இரண்டு மாதமாக அக்காதான் வாரிவிட்டாள். "மகாராணி எந்திரிச்சாச்சு, இனி எனக்கு வேலை போச்சு" என்றாள்.

மார்ச் 9, சனி

நைட் ஷிஃப்ட் முடிந்து கன்னம் வீங்கி வந்தாள் அக்கா. பல்வலி. பல் டாக்டர் திங்கட்கிழமைதான் பார்ப்பாராம்.

"உன் மாத்திரைல பாதி குடுடி."

எங்களுக்குள் எல்லாமே பாதிதான் - சோப்பு, போர்வை, இந்த ஒற்றை அறை. முழுசாகக் கொடுக்கத்தான் பயம். பாதிதானே? கத்தியால் நறுக்கினேன். அவளுக்கு வாய் திறக்க முடியவில்லை. பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். மீதியை அட்டைக்குள்ளேயே திணித்து வைத்தேன். பகலில் தூங்குவதற்கு எப்போதும் போடும் தூக்க மாத்திரையையும் அதேபோல் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

பெரிய குறட்டை. பாவம், தூங்கட்டும் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் 10

நேற்று மதியம் குறட்டை நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்பாடா! காபி போட்டுக்கொண்டு வந்து எழுப்பினால் உதடெல்லாம் நீலம்.

இப்போது மெஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. டாக்டர் திட்டவில்லை. "அது மெதுவா கரையற மாத்திரைம்மா. பொடிச்சா அத்தனை மணி நேர மருந்தும் ஒரேயடியா இறங்கிடும். கூடவே தூக்க மாத்திரை வேற" என்றார். அந்தக் குறட்டையே மூச்சு திணறுவதுதானாம்.

பாதின்னுதானே நெனச்சேன். பாதின்னுதானே...

மார்ச் 13

காலை பத்தே கால். அக்கா போய்விட்டாள்.

மார்ச் 21

முதுகு வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 2

டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்து மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. மிச்சத்தை ஒப்படைக்க மருந்துக்கடைக்குப் போனேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு பாதியா இருக்கே. மீதி எங்க?"

"அக்காகிட்ட."

"அவங்ககிட்ட இருக்கக் கூடாதும்மா. அதையும் வாங்கிட்டு வந்துருங்க."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.