படுக்கையறை மூலைக்கு விரிகோணப் பலகை

ஆந்தையாருக்கு,

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் படுத்துவிடாதே. படுக்கையறை மூலையில் விளக்குப் பலகை அடிக்கப் பத்து மணிக்குத் தச்சர் வருகிறார். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

"சுவர் மூலைன்னா செங்கோணம்தான், இதுக்குப் போய் யாராவது அளவு எடுப்பாங்களா? கதைப் புத்தகம் படிக்கிறவளுக்குக் கணக்கு எதுக்கு?" என்று நேற்று கேட்டாய். நீ வேலைக்குப் போன பிறகு அந்தக் கதைப் புத்தகத்தையே எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தின் முனை செங்கோணம். அது மூலையில் போய் முட்டியது, ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியது. மறுபக்கம் வெளி ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஆக, நம் மூலை தொண்ணூறு டிகிரிக்கு மேல். பலகை விரிகோண முக்கோணமாகத்தான் இருக்க வேண்டும்.

"மத்த ரெண்டு முனையும் கூராத்தானே இருக்கு?" என்று ஆரம்பிக்காதே. எந்த முக்கோணத்திலும் இரண்டு முனையாவது கூராகத்தான் இருக்கும். பெரிய கோணம் எதுவோ, அதை வைத்துத்தான் பெயர்.

அதே அளவில் அட்டை வெட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். தச்சரிடம் அதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். செங்கோணமாக அறுத்துவிட்டால் பலகை வீண். வேறு பலகை கிடையாது.

மீதிச் சண்டையைச் சாயங்காலம் வந்து போடுகிறேன்.

பி.கு.: "ஹால் பூரா இடமிருக்க, அந்த மூலைதான் வேணுமா?" என்றாயே. அங்கே விளக்கை வைத்தால் வெளிச்சம் உன் முகத்தில் விழாது. லீவு நாளில் திரையை இழுத்துவிட்டு நீ தூங்கும்போது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம். ஹாலுக்கு உன் குறட்டை மட்டும்தான் வருகிறது.