படத்தின் ஓரத்தில் மெத்தை

ஞாயிறு, இரவு

நண்பன் ஜெகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அருமனை ஊருக்கு அப்பால், ரப்பர் தோட்டத்துப் பாறையில் அவன் கயிறில்லாமல் ஏறினான். நான் கேமராவோடு கீழே நின்றேன். விழுந்தால் தாங்குவதற்கு, எங்களோடு வந்த ஷீபா வீட்டுப் பூப்போட்ட மெத்தையைப் பாறையடியில் விரித்திருந்தோம். அது படத்தைக் கெடுத்தது. ஒரே ஒரு படம்தானே என்று யாரிடமும் சொல்லாமல் ஓரமாக இழுத்துப் போட்டேன். பிறகு படமெடுக்கிற மும்முரத்தில் மறந்தே போனேன்.

அவன் கை வழுக்கியபோதும் நான் பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். ஷீபா பாய்ந்து மெத்தையை இழுத்தாள். அதன்மேல் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

ஷீபா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏலே, இனி மெத்தைல கை வச்சா ஒன் கேமரா ஆத்துல கெடக்கும்" என்றாள். ஜெகனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

இப்போது அவன் வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "மக்கா, விழுற படம் சூப்பர். ஓரத்துல மெத்தை தெரியுது, அத வெட்டிட்டு அனுப்புவியா?"

அந்த ஓரத்தில் ஷீபாவின் இரண்டு கைகளும் இருக்கின்றன.

வெட்டமாட்டேன், காரணத்தை நாளை நேரில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஏன், என்ன என்று நச்சரிக்கிறான். நச்சரிக்கட்டும். நச்சரிக்க ஆள் இருக்கிறானே.