காலி கேன் வரிசையில் என் ஹெல்மெட்

அன்புள்ள ரோசிக்கு,

மாதா புண்ணியத்துல நான் நல்லா கீறேன். உன் முட்டிவலி எப்படி கீது? போன்ல சொன்னா நடுவுல கத்துவ, அதான் எழுதுறேன். பெருசா ஒண்ணும் இல்ல.

இங்க சிலியில, பாலைவனத்துக்கு அடியிலேர்ந்து உப்புத்தண்ணிய உறிஞ்சி, குளம் குளமா ஒரு வருசத்துக்கு மேல வெயில்ல காய வெக்கிறோம். நம்ம ஊர் உப்பளம் மாதிரி இல்ல. உப்ப ஓரமா மலையாட்டம் கொட்டிட்டு, மிச்ச தண்ணியிலதான் பேட்டரிக்கு லித்தியம் எடுக்குறாங்க.

செவ்வாக்கெழம எங்க பஸ்ஸ ஊர் ஜனம் மறிச்சிடுச்சி. ரோட்டுக்குக் குறுக்க காலி கேனா அடுக்கி வெச்சிருந்தாங்க. அவங்க ஊத்து வத்திப்போச்சாம். "நாம எடுக்குறது உப்புத்தண்ணி, அத எவன் குடிக்கிறான்?"னு சூப்பர்வைசர் சிரிச்சான். இன்னா பேச்சு இது? நம்ம மீஞ்சூர்ல நல்ல தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, போர்வெல்லுல கடல் உப்பு ஏறலியா? ஒரு பக்கம் உறிஞ்சினா இன்னொரு பக்கத்து தண்ணி நவுராதா?

சடையங்குப்பத்துல நீ காலி கொடத்த நடுரோட்டுல வெச்சிட்டு தண்ணி லாரிய மொறச்சிகினு நின்னது ஞாபகம் வந்துச்சி. எறங்கிப் போய், ஹெல்மெட்டக் கழட்டி அந்த கேன் வரிசையில வெச்சிட்டேன்.

பத்து நாளு வேலைக்கு வராதன்னுட்டான். ஊருக்கே அனுப்பினாலும் அனுப்பட்டும், மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்.

சென்னாகுன்னி கருவாடு அனுப்பாத, கஸ்டம்ஸ்ல புடுங்கிடுவான். நீ வறுக்கசொல்ல எனக்கு போன் போட்டு அடுப்பாண்ட வெய்யி, சத்தத்தயாவது கேக்குறேன்.

என் பதில வாங்கினு போவ ஆபீசு வண்டி வந்துடுச்சி. ஏன் எறங்கினன்னு எழுதிக் கேட்டிருக்கான். ஒரே வரிதான் எழுதியிருக்கேன்: "எறங்கலன்னா என் பொண்டாட்டி என்ன வூட்டுல சேக்க மாட்டா."

உன் பாஸ்கல்