நாற்பதில் ஒரு கட்டைவிரல் புள்ளி

அடியே,

இன்று காலை நல்ல மழை. கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. என்னை அறியாமல் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டேன். பிறகுதான் அது உன் கோடு என்று உறைத்தது.

அப்போது நாம் இருவரும் ஒரே உற்பத்தி லைனில் கான்ட்ராக்ட் வேலை. தரப் பிரிவுக்கு ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். தேறினால் நிரந்தர வேலை. பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டிருந்த எனக்கு அசமன்பாடு என்ற பெயரே புரியவில்லை. x-உடன் ஐந்தைக் கூட்டினால் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது, x என்ன? பஸ்ஸில் நீ சொல்லிக்கொடுக்கும்போது நான் ஏழு என்று எழுதினேன். நீ சிரித்தாய்.

"அப்ப x இன்னாதான்னு சொல்லுடி!"

"ஏழும் வெடதான், எட்டும் வெடதான், நூறும் வெடதான். ஒத்த எண்ணாத்தான் வருவேன்னு அது உங்கிட்ட சத்தியம் பண்ணுச்சா?"

நான் முறைத்ததும் கண்ணாடியில் கோடு போட்டாய். "அஞ்சரைக்குள்ள ஸ்டாப்புல நிக்கணும்னு டிரைவர் சொல்லுதாரு. அஞ்சு மணிக்கு வந்தாலும் சரி, அஞ்சேகாலுக்கு வந்தாலும் சரி."

"அஞ்சரைக்கே வந்தா?"

"அதுவும் உள்ளதாம்ட்டி." கோட்டின் முனையில் கட்டைவிரலை அழுத்தினாய். "அஞ்சரைக்கு முன்னாடியே வரணும்னு சொன்னாத்தான் அது வெளிய." அப்போது புள்ளி கிடையாது என்று காட்ட, பக்கத்தில் நகத்தால் ஒரு வெறும் வட்டம் வரைந்தாய். ஒரு மாதம் தினமும் இதே பாடம். என்னை 'ஏட்டி' என்று கூப்பிடும் உன் திருநெல்வேலிப் பேச்சுக்கு முதலில் கோபப்பட்டவள், பிறகு அது கேட்காவிட்டால் ஏங்கினேன்.

முடிவு வந்த அன்று பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்குச் சரியாக நாற்பது மார்க். உனக்கு முப்பத்தெட்டு, கணக்கில் ஒன்றும் விடாதவள் ஆங்கிலக் கேள்விகளில் கோட்டை விட்டிருந்தாய். சூப்பர்வைசர், "நாப்பதுக்கு மேல எடுத்தவங்கதாம்மா லிஸ்ட்ல கீறாங்க" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சார், நோட்டீஸ்ல நாப்பதுக்குக் குறையாமன்னுதான போட்டிருக்கு? அப்ப நாப்பதும் உள்ளதான?"

அவர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். பட்டியலின் அடியில் பேனாவால் என் பெயரை எழுதினார். எனக்குச் சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. "உனுக்கு?" என்றேன்.

"நான் வெளியதானட்டி இருக்கேன். கோடு ஆளு பாத்து நகருமா? அடுத்த பரீட்சையில பாத்துக்கிடுதேன்."

அடுத்த பரீட்சைக்கு முன்பே பொங்கல் வந்தது. ஊருக்குப் போனவள் காய்ச்சலில் படுத்தாய். திரும்பி வந்தது உன் சாவுச் செய்திதான். நீ கற்றுத்தந்த கணக்கில் எனக்கு வேலை, உனக்கு இல்லை என்ற கோபம் இன்னும் தீரவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது நான் அளவு பார்க்கும் மேசையில். நேற்றுப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா, இந்த பார்ட்டோட அளவு சரியா லிமிட்லயே நிக்குது, தள்ளிடவா?" என்றாள். அளவு எழுதிய வரைபடத்தைக் காட்டி, "படிச்சுப் பாரு. அதுவும் உள்ளதான்" என்றேன். குரல் என்னுடையது, பேச்சு உன்னுடையது.

இன்று ஜன்னலில் நாற்பது என்று எழுதி, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன். எவ்வளவு அழுத்தினாலும் முப்பத்தெட்டைத் தொடாது என்று தெரியும். நீதானே சொல்லிக்கொடுத்தாய்.