நான் திருத்திய பேச்சு

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. என் நோட்டுக் கடைக்கு மேலே மாடி அறையைப் பெருக்கி, பாய் விரித்து, டீக்குச் சொல்லிவிட்டேன். எழுதுகிறவர்கள் மாதக் கூட்டம். ஆறு பேர். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். எழுதிக் கொண்டுவந்ததைக் கடைசிவரை பையிலிருந்து எடுக்கவில்லை. வற்புறுத்தக் கூடாது. அடுத்த முறை எடுப்பாள்.

கதையில் உரையாடல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சொன்னவை:

– 'என்று ஆவேசமாகக் கூறினான்' வேண்டாம். ஆவேசம் பேச்சிலேயே இருக்கட்டும்.
– எழுதியதை வாய்விட்டுப் படி. நாக்கு இடறுகிற இடம் பொய்.
– ஊர்ப் பேச்சை எழுதக் கூச்சம் கூடாது.
– பெயர் போடாமலே யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும்.

கடைசியைச் சொன்னதும் கண்டக்டர் பேச்சிமுத்து சிரித்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. நம்ம எல்லாரு கதையிலயும் பொம்பளையள் ஒண்ணு போலத்தான் பேசுதாவ. பேரை மாத்திப் போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ராஜி வரவில்லை. மூன்றாவது மாதம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர், அங்கன்வாடி டீச்சர். எங்களில் நிஜமாக எழுத வருவது அவளுக்குத்தான். இறந்துபோன அம்மாவைப் பற்றி அவள் எழுதிய கதை ஒரு சிற்றிதழில் வந்தது. 'அந்தத் தாயின் பேச்சுக்காகவே இரண்டு முறை படித்தேன்' என்று ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அந்தப் பேச்சு முழுக்க நான் திருத்திக் கொடுத்தது. யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிக்கொள்ளலாம்.

போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

விடியும்போதே மழை. பள்ளிக்கூடம் லீவு, அதனால் கடையில் ஈ காக்கா இல்லை. கிராப் நோட்டு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மத்தியானம் ராஜியே கூப்பிட்டாள். அங்கன்வாடிக்கு லீவு இல்லை. பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டுப் பேசுகிறாள் போல, குரல் மெதுவாக.

"நான் எழுதுறத விட்டுட்டேன் அண்ணாச்சி."

ஏன் என்றேன்.

"எங்கம்மா பேச்சு எனக்கு மறந்துபோச்சு. கதை வந்த பெறகு அம்மாவ நெனச்சா நீங்க எழுதுனதுதான் காதுல கேக்கு. போன வாரம் கெனாவுல வந்தா. அடுப்படியில நிக்கா. 'பசிக்கா? ஒனக்கு எங்க பசிக்கப் போவுது'ங்கா. எங்கம்மா அப்படிப் பேசவே மாட்டா. பின்ன எப்படித்தான் பேசுவான்னு யோசிச்சா, ஒண்ணும் வர மாட்டேங்கு."

"அது நான் கதையில எழுதுன வரியா?"

"கதையில இல்ல அண்ணாச்சி. அதான் பயமா இருக்கு. புதுசு புதுசாப் பேசுதா."

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

அது நூரு பேச்சு. என் மனைவி நூருன்னிசா. போய்ச் சேர்ந்து மூன்று வருடம். எதையும் கேட்பாள், நான் வாய் திறக்குமுன் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "சாப்பிட்டீயளா? எங்க சாப்பிட்டிருக்கப் போறீய." "மேலு வலிக்கா? சொன்னா ஒத்துக்கிடவா போறீய." வீட்டில் நான் பேசாமல் கழிந்தது அப்படித்தான். வசதியாகவும் இருந்தது.

ராஜி கூட்டத்துக்கு வர ஆரம்பித்தது போன வருடம். நூரை அவள் பார்த்ததே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கடையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, நான் திருத்திக் கொடுத்த கதைகளின் நகல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

பேச்சிமுத்து கதை, பஸ்ஸில் ஏறும் கிழவி: "எடம் இருக்கா? எங்க இருக்கப் போவுது."
இன்னொருவர் கதை, ஆசிரியரின் மனைவி: "கோவமா? கோவப்பட ஒங்களுக்கு நேரம் ஏது."
கழுகுமலைக்காரர் கதை, கைக்குழந்தைக்காரி: "அழுதானா? அழாம சிரிப்பானா."

எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் நூரு.

அவளைப் பற்றி மூன்று வருடமாக ஒரு வரி எழுதவில்லை. வரவில்லை என்றே நினைத்திருந்தேன். வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், அடுத்தவர் வீடுகளுக்கு.

நவம்பர் 12, புதன்

தூக்கம் சரியில்லை. சர்க்கரை மாத்திரை மறந்து, பத்து மணிக்குப் போட்டேன்.

ராஜி முதலில் எழுதித் தந்த தாள்கள் பழைய பில் கட்டுக்கு அடியில் கிடைத்தன. அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அம்மா பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், எல்லாமே இரண்டு மூன்று வார்த்தைதான். "வந்தியா." "தின்னாவா?" "செரி, போ." ஒவ்வொன்றின் மேலும் என் சிவப்பு மை. ஓரத்தில் குறிப்பு: 'உயிர் இல்லை. வாசகனுக்குத் தெலுங்கு புரியாது. அம்மா இன்னும் பேசணும்.'

'தின்னாவா' என்றால் 'சாப்பிட்டாயா' என்று யாருக்குப் புரியாமல் போகும்?

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடித்ததற்கு அடியில் இருந்ததைப் படித்தேன். பதினான்கு வரி. வேறு தாளில் எழுதி வைத்தேன். சில எழுத்துக்கு லென்ஸ் தேவைப்பட்டது.

நவம்பர் 15, சனி

எட்டு மணி பஸ். விளாத்திகுளத்தில் மாறி இறங்கினால் வழியெல்லாம் கரிசல் சகதி. செருப்பு ஒரு கிலோ கனம். கடைசியில் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ராஜி வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். "எதுக்கு அண்ணாச்சி இந்த மழையில வருதீங்க?"

தாளைக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்றேன். நின்றபடியே படித்தாள்.

"இது அம்மாதானான்னு தெரியல. நான் எழுதுனதுங்கிறதும் மறந்துபோச்சு. யாரோ எழுதுன மாதிரி இருக்கு."

நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கிறாற்போல் இருந்தது. நிறுத்திவிட்டேன். அவள் உள்ளே போய்க் காப்பி போட்டாள்.

மக்காச்சோளத்தில் களை எடுக்கப் போயிருந்த அவள் அண்ணன் சீனிவாசன் வந்து வெளியே தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தூற்றல் திரும்ப விழ ஆரம்பித்தது. ராஜி தாளைத் திரும்ப எடுத்தாள். யாருக்கென்றும் இல்லாமல் ஒரு வரியைப் படித்தாள்.

"சீனா, லோபலிக்கி ரா."

உள்ளே வா என்று அர்த்தம்.

"வஸ்தானும்மா" என்றார் வெளியிலிருந்து. வருகிறேன் அம்மா.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கையில் செம்போடு வாசல் நிலைக்கு வந்தார். ராஜியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு கூப்ட்டது?"

"நாந்தான்."

"நீயா கூப்ட்டே?"

அவர் நகரவே இல்லை. ராஜி அடுத்த வரியைப் படித்தாள். "தின்னாவா?" படித்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லேது" என்றார். இன்னும் இல்லை. அப்படியே வரிசையாகப் போனது. ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது, யோசிக்காமல் வந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் பிள்ளைகளுக்கு இடம் விட்டிருக்கிறாள். அந்த இடத்தைத்தான் நான் அடைத்திருக்கிறேன்.

ஏழாவது வரியில் ராஜிக்குக் குரல் மாறிவிட்டது. அவளை இதற்குமுன் அந்தக் குரலில் கேட்டதில்லை. பென்சில் எடுத்து அண்ணன் சொல்வதை வரிகளுக்குக் கீழே எழுதினாள். எழுதும்போதே அழுதாள். நான் எழுந்து வெளியே போய் ஆட்டுக்கொட்டகையில் நின்றேன்.

பஸ்ஸுக்கு விட வந்தாள். குடை ஒன்றுதான்.

"அண்ணாச்சி, கெனாவுல வந்தவிய யாரு?"

"என் வீட்டுல உள்ளவ. நூரு."

குடையை என் பக்கம் சாய்த்தாள். "நல்லாத்தான் பேசுதாவ. நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். துணி காயப் போட்டேன். கடை லீவு. பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டு, இனி யார் கதையிலும் பேச்சைத் திருத்த மாட்டேன், எல்லார் மூலத் தாளையும் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். "அன்னைக்கு நான் சொன்னதுக்கா அண்ணாச்சி? வெளையாட்டுக்குல்லா சொன்னேன்" என்று பதறினான். நீ சொன்னது சரி, அடுத்த கதையை நீயே முடி, உனக்கு வரும் என்றேன். நம்பவில்லை.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். நூரு பேச்சு கொட்டியது. ஒரு பக்கம் நிறைந்தது. நான் சொன்னதாக எழுத எதுவும் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன பதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், மதுரை ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பச்சைத் துணி, தலையில் தொப்பி. என் கையைப் பிடித்துக் கேட்டாள். "பயமா இருக்கா? ஒங்களுக்கு என்ன பயம்." நான் சிரித்தேன். கதவு மூடிவிட்டது. அப்புறம் அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

அதையும் எழுதி, அவள் வரியில் பின்பாதியை அடித்தேன். 'பயமா இருக்கா?' மட்டும் விட்டேன். கீழே எழுதினேன்:

"ஆமா நூரு. ரொம்பப் பயமா இருக்கு."

அடுத்த வரி அவள் பேச வேண்டியது. ஒரு மணி நேரமாகப் பேனாவோடு இருக்கிறேன். வரவில்லை. நான் பதில் சொல்லியிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.